முதலில் மீனு, பிறகு மணி

அன்புள்ள கோமதி,

மூன்று மாதமாகப் பதில் போடாததற்கு நீ திட்டலாம், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். அம்மா உன்னை விசாரித்தாள். செல்வி நேற்று சொன்னதைக் கேட்டுத்தான் அவசரமாக எழுதுகிறேன். போனில் சொன்னால் "ம், ம்" என்று பாதியிலேயே அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாய்.

உன் நாய் மணிக்கு உண்ணிக்காக விட்ட சொட்டு மருந்தில் மிச்சத்தைப் பூனை மீனுவுக்கும் விடலாமா என்று கேட்டாயாமே. விடாதே. மருந்து அட்டையில் பெர்மெத்ரின் என்று இருந்தால் அது பூனைக்கு விஷம். நாயின் கல்லீரல் அதை உடைத்துத் தள்ளிவிடும், பூனைக்கு அந்தச் சக்தி இல்லை. சில மணி நேரத்தில் நடுக்கம், வலிப்பு, உயிரே போகலாம். தவறிப் பட்டுவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் போட்டு அலசிவிட்டு, உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு. அமிட்ராஸ் என்ற உண்ணி மருந்தும் மீனுவுக்கு ஆகாது. உன் அத்தை சொல்லும் கற்பூர எண்ணெய் இரண்டுக்குமே வேண்டாம், நக்கியே உள்ளே இறக்கிக்கொள்ளும். மீனுவுக்குப் பூனைக்கென்றே வரும் மருந்தை எடை பார்த்து டாக்டர் தரட்டும்.

இனி மணி. வாராவாரம் குளிப்பாட்டியும் உண்ணி குறையவில்லை என்கிறாய். அவன் மேல் நீ பார்ப்பது சாப்பிட வந்த கூட்டம். குடியிருப்பு உன் ஓட்டு வீட்டில் இருக்கிறது. நாய் உண்ணி குஞ்சு, இளசு, பெரிசு என்று மூன்று வளர்ச்சிப் பருவத்திலும், ஒவ்வொரு முறை ரத்தம் குடித்ததும் கீழே விழுந்து ஏதாவது இடுக்கில் ஒளியும். உப்பிய பெட்டை அங்கே ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். வெயில் காலத்தில் ஒரு தலைமுறைக்கு 2 மாதம் போதும். பெரிய உண்ணி மாதக்கணக்கில் பட்டினி தாங்கும்.

அதனால் மணி படுக்கும் அந்தக் கோணிச் சாக்கை எரித்துவிடு. துவைக்கிற துணி போட்டு, வாரம் ஒரு தடவை கொதிநீரில் முக்கு. அவன் படுக்கும் இடத்திலிருந்து மேல்நோக்கித் தேடு: கதவு நிலை, ஜன்னல் சட்டம், பரண், ஓட்டுக்கடியில் உள்ள மரம். ஏறுவதுதான் அதன் குணம், தரையில் மட்டும் மருந்தடித்துப் பயனில்லை. விரிசலைச் சிமெண்ட் வைத்து அடை. முட்டை தப்பிவிடும் என்பதால் இரண்டு வாரம் கழித்து மறுபடி அடிக்க வேண்டும். மருந்து காயும்வரை மணியையும் மீனுவையும் உள்ளே விடாதே.

சொட்டு மருந்து உன் கையில் வீணாவதற்கும் காரணம் அந்தக் குளியல்தான். அந்தச் சொட்டு மருந்து பிப்ரோனில் வகை என்றால், விடுவதற்கு முன்னும் பின்னும் 2 நாள் குளியல் கூடாது. முடியைப் பிரித்துத் தோலில் படும்படி விடு. டாக்டர் சம்மதித்தால் உண்ணியைக் கொல்லும் புளூரலானர் மாத்திரை இன்னும் நல்லது. சாப்பாட்டோடு ஒன்று, 12 வாரம் நிற்கும். வீட்டு உண்ணி ஏறிக் கடித்துக் கடித்துச் செத்துத் தீரும்வரை இடைவெளி விடாமல் கொடு. மணிக்குச் சின்னதில் வலிப்பு வந்ததை மறக்காமல் டாக்டரிடம் சொல், அந்த வகை மாத்திரை வலிப்பைத் தூண்டக்கூடும்.

காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தினம் பார். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழு. மண்ணெண்ணெய் வேண்டாம். நகத்தில் நசுக்கும் பழக்கத்தை விடு, ஸ்பிரிட்டில் போடு.

கோமதி, இதை மட்டும் விளையாட்டாக எடுக்காதே. காய்ச்சல், சாப்பிட மறுப்பது, வெளுத்த ஈறு, வயிற்றில் சிவப்புப் புள்ளி, மூக்கில் ரத்தம், இதில் எது தெரிந்தாலும் அன்றே ரத்தப் பரிசோதனை. உண்ணிக் காய்ச்சல் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். அதற்கு டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை எழுதினால் பெரும்பாலும் 28 நாள் கொடுக்கச் சொல்வார்கள். ஐந்தாம் நாளே வாலாட்டுகிறான் என்று நிறுத்திவிடாதே.

மீனு சொறிவது தெள்ளுப்பூச்சியா என்று பார்க்க, ஈர வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் சீவு. விழும் கறுப்புத் துகள் செம்பழுப்பாகக் கரைந்தால் அதுதான்.

அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துச் சொல்.

அன்புடன்,
வசந்தா