மூக்கிக்கு ஒரு கடிதம்

லண்டன்
12 நவம்பர் 2025

அன்புள்ள மூக்கிக்கு,

நான் நலம். முட்டிவலி மட்டும் விடாமல் கூடவே வருகிறது. அண்ணாச்சிக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? சின்னவன் வேலை நிரந்தரமாகிவிட்டதா? எட்டு மாதமாக நீ அனுப்புகிற காலை வணக்கப் படத்துக்குப் பதிலாக நானும் ஒரு பூப்படம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அதைக் கடிதம் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. இன்று லீவு. பேப்பரில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். கையெழுத்து புரியாவிட்டால் நம்ம வார்டுப் பெரிய சிஸ்டரின் நைட் ரிப்போர்ட்டை நினைத்துக்கொள், எல்லாம் புரியும்.

விஷயம் இதுதான். எங்கள் மதர் போகிறார்கள்.

மதர் என்றதும் உனக்குக் கான்வென்ட் ஞாபகம் வரும். எங்கள் மாதிரிக் கோவில்களில் குருவானவர் ஆண் என்றால் ஃபாதர், பெண் என்றால் மதர். அக்டோபர் கடைசி ஞாயிறு, அறிவிப்பு வாசிக்கிற நேரத்தில் அவர்கள் பேப்பரை மடித்து உள்ளே வைத்தார்கள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. டிரான்ஸ்ஃபர் ஆர்டரைப் பையில் வைத்துக்கொண்டு ரவுண்ட்ஸ் வருகிற மேட்ரன் முகம் நாம் பார்க்காததா? பிப்ரவரி 2, மெழுகுவர்த்தித் திருநாள்தான் கடைசி ஆராதனை. ஒன்பது வருடம் இருந்துவிட்டுப் போகிறார்கள்.

நம்ம ஊரில் டிரான்ஸ்ஃபர் லிஸ்ட் வரும், புதுப் போதகர் ஐயர் சாமான் லாரியோடு வந்து இறங்குவார், நாம் மாலை போடுவோம். இங்கே வேறு மாதிரி. 1986இல் வந்த சட்டப்படி, கோவில் கமிட்டி கூடி, இந்தச் சபை எப்படிப்பட்டது, எங்களுக்கு எப்படிப்பட்ட குருவானவர் வேண்டும் என்று ஓர் அறிக்கை எழுத வேண்டும். போகிறவர் அந்தக் கூட்டத்தில் உட்காரக் கூடாது. ஆளை முன்மொழிகிற உரிமையுள்ள பேட்ரனும் வரக் கூடாது. அப்புறம் சபையிலிருந்து இரண்டு பேரைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுப்பார்கள். பேட்ரன் கொண்டுவருகிற ஆளை அந்த இரண்டு பேரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் நியமனம் நின்றுவிடும். பேட்ரன் ஆர்ச் பிஷப்பிடம் அப்பீல்தான் போக வேண்டும்.

அந்த இரண்டு பேரில் ஒருத்தி நான்.

சிரிக்காதே ஏட்டி. போன செவ்வாய் ராத்திரி கை தூக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

நீ ஒவ்வொரு தடவையும் கேட்பாய், அது ஆர்.சி. கோவிலா நம்ம கோவிலா என்று. நம்ம கோவில்தான், இங்கிலாந்துத் திருச்சபையின் ஆங்கிலிக்கன் கோவில். சடங்கு அதிகம் பார்க்காத சிஎம்எஸ் மிஷன் வீட்டில் பிறந்த உனக்கு, எஸ்பிஜி மிஷன் ஊரான நாசரேத்துக்காரி நான் எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது என்பதால் கடைசியாக ஒரு தடவை சொல்கிறேன். 1833 ஜூலை 14 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் கெபிள் ஒரு பிரசங்கம் செய்தார். அதிலிருந்து தொடங்கியது எங்கள் கோவில் பின்பற்றுகிற ஆக்ஸ்ஃபோர்டு இயக்கம். ஆங்கிலிக்கன் திருச்சபையும் அப்போஸ்தலர் காலத்திலிருந்து அறுபடாமல் வருகிற கத்தோலிக்கத் திருச்சபைதான், நற்கருணைதான் அதன் நெஞ்சு என்றார்கள். அப்புறம் தூபம், மெழுகுவர்த்தி, பூசை உடுப்பு எல்லாம் திரும்பி வந்தன. அதை அடக்க 1874இல் சட்டம் போட்டார்கள். கிரீன் என்கிற குருவானவர் அந்தச் சட்டத்தில் மாட்டி ஒன்றரை வருடத்துக்கு மேல் ஜெயிலில் இருந்தார். தூபப் புகைக்கு நீ போடுகிற தும்மலுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய கதை இருக்கிறது.

எனக்கு அதில் பிடித்தது வேறொன்று. 1866இல் கிழக்கு லண்டனில் காலரா. வாப்பிங் துறைமுகத்தில் அப்போதுதான் கோவில் கட்டி முடித்திருந்த லௌடர் என்கிற குருவானவர் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்தார், கன்னியர்கள் கூடவே போய்ச் சிசுருஷை செய்தார்கள். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நம்ம காலரா வார்டும் பிளீச்சிங் பவுடர் வாடையும்தான் ஞாபகம் வரும்.

சரி, கவலைக்கு வருகிறேன். பெரியம்மாவைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், சால்வை போட்டவர்கள், உன் பனங்கற்கண்டை வாங்கிக்கொண்டு திருப்பி மார்மலேட் அனுப்பினவர்கள். எண்பத்தேழு வயது. சனிக்கிழமை தவறாமல் வந்து பீடத்துணி இஸ்திரி போடுவார்கள். எனக்கும் அவர்கள்தான் கற்றுக்கொடுத்தார்கள். அப்பமும் பாத்திரமும் வைக்கிற துணியை உள்பக்கமாக மூன்று மடிப்பு, திருப்பி மூன்று மடிப்பு, ஒன்பது கட்டமாக மடிக்க வேண்டும். ஒரு துணுக்கு விழுந்திருந்தாலும் உள்ளேயே தங்கும். பாத்திரம் துடைத்த துணியை அலசுகிற முதல் தண்ணீர் சாக்கடைக்குப் போகக் கூடாது. அதற்கென்று ஒரு தொட்டி இருக்கிறது, அதன் குழாய் நேரே மண்ணுக்குள் இறங்குகிறது. கட்டில் விரிப்பின் மூலையை நாற்பத்தைந்து டிகிரியில் மடிக்கவில்லை என்று பெரிய சிஸ்டர் உன்னை மூன்று தடவை பிரித்துப் போடச் சொன்னார்களே, அதே கண்டிப்பு. நான் முதல் தடவையே சரியாக மடித்தேன். அன்றிலிருந்து பெரியம்மாவுக்கு நான் செல்லப்பிள்ளை.

அந்தப் பெரியம்மா மதர் கையால் நற்கருணை வாங்குவதில்லை.

ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை. பெண்கள் குருப்பட்டம் பெறலாம் என்று 1992இல் இங்கே ஓட்டெடுத்தார்கள், 1994இல் முதல் 32 பேர் பிரிஸ்டலில் பட்டம் பெற்றார்கள். ஏற்றுக்கொள்ளாத கோவில்கள் அதற்கென்று தீர்மானம் போட்டு விலகி நிற்கலாம் என்று வழி வைத்தார்கள். எங்கள் கோவிலும் அப்படித் தீர்மானம் போட்ட கோவில். பின்னால் ஓட்டெடுத்து அதை நீக்கினார்கள். அப்போது ஒரு பகுதி ஜனம் வேறு கோவிலுக்குப் போய்விட்டது. பெரியம்மா போகவில்லை. ஞானஸ்நானம் எடுத்த தொட்டியை விட்டுவிட்டு எங்கே போவேன் என்றார்களாம். வியாழக்கிழமை இரண்டு பஸ் மாறி, பெண் குருக்களை ஏற்காத கோவில்களைக் கவனிக்கிற ஃபுல்ஹாம் பிஷப்பின் கண்காணிப்பில் உள்ள ஒரு கோவிலில் நற்கருணை வாங்குவார்கள். சனிக்கிழமை இங்கே வந்து மதருடைய வெள்ளை அங்கிக்குக் கஞ்சி போடுவார்கள். ஞாயிறு தன் இடத்தில் முழங்காலில் இருப்பார்கள், பந்திக்கு எழும்ப மாட்டார்கள்.

ஆரம்பத்தில் எனக்குக் கோபம் வந்தது. 2013இலேயே ஆந்திராவின் நந்தியாலில் புஷ்பா லலிதா அம்மாவை நம்ம சி.எஸ்.ஐ., தென்னிந்தியத் திருச்சபை, பிஷப்பாக்கியது, உங்கள் இங்கிலாந்துக்கு முதல் பெண் பிஷப் 2015இல்தான் என்று ஒருநாள் சொல்லியே விட்டேன். பெரியம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்கள்: "1947இல் உன் சபை உருவாகக் கூடாது என்று என் அப்பா இந்தக் கோவிலில் முழங்காலில் நின்று ஜெபித்தார். எனக்கு ஒன்பது வயது, பக்கத்தில் நானும் நின்றேன்."

மூக்கி, எனக்கு இது தெரியவே தெரியாது. சி.எஸ்.ஐ. பிறந்த செப்டம்பர் 27 என்றால் நமக்குக் கேக், கொடி, சென்னை ஜார்ஜ் பேராலயத்துப் பழைய போட்டோ. பிஷப் கை வைக்காத ஊழியர்களையும் குருவானவராக ஏற்றுக்கொண்டார்கள் என்று இங்கே இந்தக் கூட்டத்தார் எவ்வளவு துடித்திருக்கிறார்கள்! அந்த நந்தியாலே எஸ்பிஜி பிடிவாதத்தில் 1975 வரை சி.எஸ்.ஐ.யில் சேராமல் நின்றது என்பதையும் பெரியம்மாதான் சொன்னார்கள். சொல்லிவிட்டு, "கடவுள் அப்பாவின் ஜெபத்தைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு மடிக்க யாரும் கிடைத்திருக்க மாட்டார்கள்" என்று துணியை என் பக்கம் தள்ளினார்கள்.

மரித்தோர் நாள் இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை வந்ததால், அன்றைக்குச் சகல பரிசுத்தவான்கள் திருநாளை வைத்துக்கொண்டு, மறுநாள் திங்கள் இரவு மரித்தோர் ஆராதனை வைத்தோம். ஞாயிறு மதியச் சாப்பாடு நம்ம அசனம் மாதிரிதான்: நைஜீரியக்காரர்களின் ஜொலாஃப் சோறு, ஜமைக்காப் பாட்டியின் கோழி, என் எலுமிச்சைச் சாதம். அண்டா காலி. திங்கள் இரவு கறுப்பு உடுப்பு, தூபம், இறந்தவர்கள் பெயர்ப்பட்டியல். செத்தவர்களுக்கு எதற்கு ஜெபம் என்பாய். நானும் அப்படி வளர்ந்தவள்தான். ஆனால் அம்மா போனபோது எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, அடக்கத்தை வீடியோவில் பார்த்தேன் என்பது உனக்குத் தெரியும். அந்த வருடம்தான் முதல் தடவை பெயர் கொடுத்தேன்.

பட்டியல் வாசிக்கிறது பெரியம்மா. வாசிக்கிறதற்கு முந்தின சனிக்கிழமை கையில் பேப்பரோடு என் முன்னால் உட்கார்ந்தார்கள். அம்மா பெயரின் நடுவில் உட்கார்ந்திருக்கிற அந்த 'ழ' நம்ம ஊரிலேயே எத்தனை பேருக்கு வரும், சொல்லு. நாக்கை மடக்கி மடக்கிப் பார்த்தார்கள். பல்செட் கழன்று வந்தது, கழற்றி வைத்துவிட்டு மறுபடி முயன்றார்கள். அரைமணி நேரம். திங்கள் இரவு இருட்டில் நூற்றுச் சொச்சம் பெயர்களுக்கு நடுவே அம்மாவின் பெயர் முழுசாக, சரியாக வந்தது. எனக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றுகூடத் தெரியாத அளவுக்கு அழுதேன்.

இதற்கு நடுவில்தான் அக்டோபரில் பிஷப்புகளின் முடிவு வந்தது. எங்கள் ஆர்கன் அண்ணனையும் அவருடைய ஆளையும் உனக்குத் தெரியும், வால்சிங்ஹாம் யாத்திரை போட்டோவில் இரண்டு பேரும் ஒரே குடையில் நிற்பார்கள். முப்பத்தொரு வருடமாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். அவர்களைப் போன்ற ஒரே பாலின ஜோடிகளுக்கு ஞாயிறு ஆராதனைக்குள் ஆசீர்வாத ஜெபம் செய்யலாம் என்று 2023 டிசம்பர் 17 முதல் வழி வந்தது. தனி ஆராதனையாக வைக்கவும் சீக்கிரம் அனுமதி வரும் என்று காத்திருந்தார்கள். அதற்குத் திருச்சபையின் பேரவையான சினாடில் முழு நடைமுறை வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்று இப்போது சொல்லிவிட்டார்கள். அண்ணன் அந்த வாரம் ஆர்கன் வாசித்தார், பாட்டுக்கு மட்டும். முடிவில் வழக்கமாக வாசிப்பது இல்லை. மூடியைச் சாத்திவிட்டு இறங்கிவிட்டார். இப்போது, மதர் போவதற்கு முன்னால் ஜனவரியில் ஒரு ஞாயிறு மாஸிலேயே ஜெபம் வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். பெரியம்மா அதற்கு என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

நீ முகத்தைச் சுளிப்பது இங்கே தெரிகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். கடைசிக் கட்டில் பையன் ஞாபகம் இருக்கிறதா? தொண்ணூறுகளில், எய்ட்ஸ் என்று சார்ட்டில் சிவப்பு மையில் எழுதி, சோற்றுத் தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போவார்களே. முதலில் உள்ளே போனது நீ. அவன் தலையை உன் மடியில் வைத்துக் கழுவினாய். அவன் எப்படிப்பட்டவன் என்று நீ கேட்கவில்லை. நான் அன்று கதவுக்கு வெளியே நின்றேன். அதை நினைத்துக்கொண்டுதான் இந்த இரண்டு பேரைப் பற்றி உனக்கு எழுதுகிறேன்.

இப்போது அறிக்கை. எங்கள் கோவில் வாசலில் பலகை இருக்கிறது, எந்த இனம், ஏழை பணக்காரர், உடல்நலம், மனநலம், ஆண் பெண், யாரை நேசிக்கிறார்கள் என்று பார்த்து யாரையும் ஒதுக்க மாட்டோம் என்று. 2003இல் தொடங்கிய அமைப்பு ஒன்றில் கையெழுத்துப் போட்ட சபைகள் இப்படி வைத்திருக்கும். கமிட்டியில் இளையவர்கள், பெண்களின் குருத்துவத்தை முழு மனதோடு ஏற்கிற சபை இது, ஒரு குரலாக ஏற்கிறோம் என்று எழுத வேண்டும் என்கிறார்கள். இந்தக் கதவு மறுபடி சாத்தப்படக் கூடாது என்கிற அவர்கள் பயம் எனக்கும் உண்டு. மதரைப் பார்த்துத்தான் எங்கள் நைஜீரியப் பெண் ஒருத்தி குருப்பட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். அதனால் அதை ஏற்காத ஒருவரைப் பேட்ரன் கொண்டுவந்தால் நான் வேண்டாம் என்பேன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 'ஒரு குரலாக' என்று எழுதினால் அது பொய். சனிக்கிழமை தோறும் கஞ்சி போடுகிற கை அந்தக் குரலில் இல்லை. அந்த வார்த்தையை எடுக்கச் சொல்லப் போகிறேன். எங்களில் சிலர் இன்னும் ஏற்கவில்லை, அவர்களும் எங்களோடு ஒரே கூரையில் முழங்காலில் நிற்கிறார்கள், வருகிறவர் அவர்களையும் மேய்க்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வேன். ஆர்கன் அண்ணன் அந்த மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். அந்த வரி அவருக்கு எப்படிக் கேட்கும் என்பதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஒரு சந்தோஷமும் உண்டு. எங்கள் லண்டன் பிஷப் சாரா முல்லலி கேன்டர்பரிக்கு ஆர்ச் பிஷப் ஆகிறார்கள் என்று அக்டோபர் 3 அன்று அறிவித்தார்கள். அந்த இடத்துக்கு ஒரு பெண் வருவது இதுதான் முதல் தடவை. அதைவிடப் பெரிது, அவர்கள் நர்ஸ்! இங்கிலாந்துக்கே தலைமை நர்ஸாக இருந்தவர்கள். எங்கள் வார்டில் டீ ரூமில் கை தட்டினோம், கோவிலுக்கே போகாத பிள்ளைகளும் தட்டினார்கள். பெரியம்மாவிடம் சொன்னபோது, "நர்ஸ் என்றால் துணியாவது ஒழுங்காக மடிப்பாள்" என்றார்கள்.

22ஆம் தேதி சனிக்கிழமை கூட்டம். அதற்குள் பதில் போடு, பூப்படம் வேண்டாம். அந்த வரியை நான் எப்படிச் சொன்னால் அண்ணனுக்கு வலிக்காது? ஆள் மனசு நோகாமல் ஊசி போடத் தெரிந்தவள் நம்ம பேட்ச்சில் நீ ஒருத்திதான். போன் செய்வதானால் அன்றைக்குப் பெரியம்மா இஸ்திரி போட வருகிற பத்து மணிக்கு முன்னால் செய்.

அண்ணாச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
ஏழாம் நம்பர் ரூம்காரி