சூடு ஆறட்டும், மாப்ள

மஞ்சக்குப்பம், கடலூர்
ஜனவரி 20

அன்புள்ள மாப்ள,

பொங்கல் முடிந்த கையோடு உன் கடிதம் வந்தது. மெல்போர்னில் மால்ட் டப்பா (முளைகட்டிய பார்லியின் கெட்டிச் சாறு) வாங்கி வீட்டிலேயே பீர் போடுகிறாய் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். சைக்கிளை மிதித்து முள்ளோடை தாண்டிக் கள் குடித்துவிட்டு, கொய்யா இலையை மென்றபடி வீடு திரும்பிய பயல்தானே நீ! அங்கே சட்டம் விடுகிறது, செய். இங்கே நான் செய்தால் போலீஸ் வரும்.

மூன்று தடவையும் வாழைப்பழ வாடை, தொண்டையில் ஒரு காந்தல் என்கிறாய். பீர் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், டப்பாவைத் திட்டாதே. உங்கள் ஊர் வெயில் காலத்தில் கார் ஷெட்டில் 30 டிகிரியில் வைத்தால் ஈஸ்ட் வேறென்ன செய்யும்? ஏல் என்கிற பீர் வகைக்கான ஈஸ்டுக்கு 18 முதல் 20 டிகிரி போதும். அதிலும், பொங்கி நுரைக்கிற நேரத்தில் அது தானாகவே சூடு கிளப்பும். அறையைவிட உள்ளே சில டிகிரி ஏறியிருக்கும். ஆகவே வாளிமேல் ஒட்டுகிற வெப்பமானியைப் பார், சுவரில் தொங்குவதை அல்ல. முதல் மூன்று நாள்தான் ருசியைத் தீர்மானிக்கும். பெரிய டப்பில் தண்ணீர் ஊற்றி வாளியை உள்ளே இறக்கு, ஈரத் துண்டு சுற்று, காலையும் மாலையும் ஐஸ் பாட்டில் மாற்று. கத்திரி வெயிலில் உன் அம்மா இட்லி மாவுச் சட்டியைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைப்பார்களே, அதே வேலை.

என் கதையும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆறாத மால்ட் கரைசலில் ஈஸ்டைக் கொட்டிவிட்டு, இரண்டு நாள் அதன் முன்னால் தவம் கிடந்தேன். ஒரு குமிழி வரவில்லை. அத்தனையும் வெந்து செத்திருந்தது. மேலாளர் என்னை வைதது இப்போதும் காதில் இருக்கிறது.

டப்பா மூடிக்கடியில் வரும் ஈஸ்ட் பொட்டலம் சின்னது, கடையில் எத்தனை மாதம் வெக்கையில் கிடந்ததோ. 23 லிட்டருக்கு 11 கிராம் பொட்டலம் ஒன்று தனியாக வாங்கிப் போடு. ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரை போடுவதையும் நிறுத்து, அதற்குப் பதில் உலர் மால்ட் பொடி சேர். சுத்தம் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீ டம்ளரையே மூன்று தடவை கழுவுகிறவன்.

குமிழி நின்றதும் பாட்டிலில் அடைத்தேன் என்று எழுதியிருந்தாயே, அதுதான் எனக்குப் பயம். மூடி லேசாகக் கசிந்தாலே குமிழி நின்றுவிடும். சர்க்கரை தீரத் தீரக் கரைசலின் அடர்த்தி இறங்குவதைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை நம்பு. 1.040-இல் தொடங்கியது 1.010 பக்கம் இறங்கி, மூன்று நாள் அதே எண்ணில் நின்றால்தான் முடிந்தது. அதற்கு முன் அடைத்தால் பாட்டில் வெடிக்கும், கண்ணாடிச் சில்லு விளையாட்டில்லை. முடிந்த பிறகும் நாலைந்து நாள் ஈஸ்ட்மேலேயே விட்டு வை, வெண்ணெய் வாடை இருந்தால் அதுவே தின்று தீர்த்துவிடும்.

இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது.

அடுத்த வாளி போட்டதும் தினமும் வெப்பத்தைக் குறித்து வைத்து அந்தத் தாளை அப்படியே அனுப்பு.

உன்,
மச்சான்