அதற்கு அப்பால் என்ன? வடாற்காட்டு அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றின் அறிவியல் கண்காட்சியில் கேள்விப் பெட்டி வைத்திருந்தார்கள். நோட்டிலிருந்து கிழித்த தாளில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதியிருந்தாள்: "பிரபஞ்சம் முடியுற எடத்துல செவுரு இருக்குமா? இருந்தா அதுக்கு அந்தாண்ட இன்னா?" கீழே சிவப்பு மையில் பதில்: 'பாடத்தில் இல்லை.' எழுதியவர்மேல் கோபமில்லை, போர்ஷன் முடிக்கிற அவதி எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெட்டியிலேயே நல்ல கேள்வி அதுதான்.

சுவர் கிடையாது என்று தைரியமாகச் சொல்லலாம். வேலூர்க் கோட்டை மதில் மாதிரி அங்கே எதுவும் எழுந்து நிற்கவில்லை. மலைமேல் நின்றால் தொடுவானம் வரை தெரிகிறது. குடியாத்தத்துக்காரர் தன் ஊரில் நின்றால் அவருக்கு வேறொரு தொடுவானம். பிரபஞ்சத்திலும் அதே கதைதான்.

பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். அதற்குள் நம்மை வந்தடைந்த ஒளியைத்தான் பார்க்க முடியும். அப்படியானால் எல்லை 1,380 கோடி ஒளியாண்டுதானே என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெரியவர்களும் சறுக்குகிற இடம் இது. ஒளி வந்துகொண்டிருந்தபோதே வெளியும் விரிந்துகொண்டே போனது. அதனால் நம்மை வந்தடையும் மிகப் பழைய ஒளி புறப்பட்ட இடம் இன்று சுமார் 4,600 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது.

அந்த ஒளி, பெருவெடிப்புக்குப் பின் சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்துக் கிளம்பியது. அமெரிக்க வானியலாளர்கள் பென்சியாஸும் வில்சனும் ஆன்டெனாவில் தீராத இரைச்சலாகப் பிடித்து 1965இல் அறிவித்தது இதைத்தான். இப்போது ஆட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். அந்த விளிம்பில் இன்று ஒருவர் இருந்து நம் திசையில் பார்த்தால், பால்வீதி தெரியாது. நாம் இருக்கும் இடத்திலிருந்து வரும் அதே ஆதி ஒளிதான் தெரியும். அவருக்கு நாம்தான் கடைக்கோடி. நம்மைத் தாண்டி இந்தப்பக்கம் இருக்கும் விண்மீன் மண்டலங்கள் (கேலக்ஸிகள்) எதுவும் அவர் கணக்கிலேயே வராது. எட்டாம் வகுப்புக்கு இது புரியும், கரும்பலகையில் இரண்டு வட்டம் போட்டால் போதும்.

சரி, அப்பால் என்னதான் இருக்கிறது? பெரும்பாலும் இதே போல விண்மீன் மண்டலங்கள்தான் என்பது வானியலாளர்களின் எதிர்பார்ப்பு. எந்தத் திசையில் பார்த்தாலும் அந்த ஆதி ஒளியின் வெப்பநிலை ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்குதான் மாறுகிறது. நம் பார்வை நிற்கிற இடத்தோடு சரக்கும் மாறிவிட வேண்டும் என்று என்ன கட்டாயம்? அந்த ஆதி ஒளியை ஆராய்ந்த பிளாங்க் செயற்கைக்கோள் அளந்தவரை வெளி ஏறக்குறையத் தட்டையாக, அதாவது வளைவில்லாமல் இருக்கிறது. முடிவில்லாமல் போகலாம், நமக்குத் தெரியாத அளவுக்கு மெல்ல வளைந்தும் இருக்கலாம். சுற்றி வந்து தன்னையே தொடுகிற பிரபஞ்சமாக இருந்தால் ஆதி ஒளியின் ஒரே கோலம் வானத்தின் இரு இடங்களில் வட்டமாகத் தெரியக்கூடும் என்று தேடினார்கள், கிடைக்கவில்லை.

இதற்கு மேல் யூகம். இணைப் பிரபஞ்சங்கள் நிரூபிக்கப்பட்டுவிட்டதாக ஒரு பள்ளி ஆண்டு விழாவில் ஒருவர் மைக் பிடித்துச் சொன்னார், கைதட்டலும் வாங்கினார். அப்படி எதுவும் நிரூபணமாகவில்லை. 2008இல், விண்மீன் மண்டலக் கொத்துகள் ஒரே பக்கமாக இழுபடுகின்றன, பார்வைக்கு அப்பாலுள்ள ஏதோ ஒன்று இழுக்கலாம் என்று ஒரு குழு சொன்னது. பிளாங்க் தரவை வைத்து 2013இல் பார்த்தபோது அதற்குத் தடயமே இல்லை. இந்தக் கதையை மறக்காமல் வகுப்பில் சொல்லுங்கள். அளந்தது எது, ஊகித்தது எது என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். சுற்றுலா என்றால் ஏலகிரியோடு திரும்பிவிடாதீர்கள். ஜவ்வாது மலைக் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1977இல் யுரேனஸின் வளையங்களைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே நிற்கிறது. முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வேண்டாம், மேகம் விடாது. பொங்கல் கழித்துப் போங்கள்.