முதியோர் எழுத்தறிவு வகுப்பு: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம்.

நம் குடியிருப்பில் வீட்டுவேலை, காவல், தோட்டப்பணி செய்வோரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக, உலக எழுத்தறிவு நாளான செப்டம்பர் 8 அன்று பிற்பகல் 2.30 மணிக்குச் சங்க அறையில் வகுப்பு தொடங்குகிறது. 15 வயதுக்கு மேற்பட்டோருக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் அவர்களைப் பதிவு செய்வது குறித்து அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசியுள்ளோம்.

1. தங்கள் வீட்டில் பணிபுரிபவரிடம் நேரில் சொல்லுங்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டி அவர்களுக்குப் பயனில்லை.

2. திங்கள் முதல் வெள்ளி வரை, 2.30 முதல் 3.30 வரை அவர்களை விடுவிக்க வேண்டும். அதற்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்யக் கூடாது.

3. கற்பிக்க முன்வருவோர் வாரம் இரு நாள் வர வேண்டும். 'அ, ஆ' என்று தொடங்காமல், அவரவர் பெயர், பேருந்தின் ஊர்ப்பலகை, கைரேகை வைத்தே பழகிய வங்கிப் படிவம் ஆகியவற்றிலிருந்து தொடங்குவதே பெரியவர்களுக்கு ஏற்றது என்பது எங்கள் கருத்து.

4. நாற்பதைக் கடந்த பலருக்கு அருகிலுள்ள எழுத்து மங்கலாகத் தெரியும் என்பதால், படிக்கும் கண்ணாடி வாங்க உதவ விரும்புவோர் தெரிவிக்கவும்.

வீட்டு எண், கற்போர் பெயர், கற்பிக்க முன்வந்தால் தங்களுக்கு உகந்த நாள்கள் ஆகியவற்றைச் செப்டம்பர் 1, இரவு 8 மணிக்குள் இக்குழுவிலேயே பதிவிடுங்கள்.

– செயலாளர், குடியிருப்போர் நலச் சங்கம்