செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

தலைவர் அவர்களுக்கும் செயற்குழு, பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். கும்பகோணத்தில் இயங்கும் நம் வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் 10 நடந்தன. இரண்டு மழையால் தள்ளிப்போய் நடக்காமலே போயின. ஏப்ரலில் எழுத்தாளர் கு.ப.ரா. (கு.ப. ராஜகோபாலன்) நினைவுக் கூட்டமும், தை மாதத்தில் பள்ளி மாணவர்களுக்கான கட்டுரைப் போட்டியும் வழக்கம்போல் நடந்தன.

இனி, இந்த ஆண்டில் என் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் மூத்த உறுப்பினரான எழுத்தாளர் ஐயா எந்தப் பத்திரிகையிலும் சம்பளத்துக்கு இருந்தவர் அல்லர். எழுதியது வெளிவந்தால் சன்மானம், இல்லையென்றால் இல்லை. அவர் கேட்டுக்கொண்டதால் பெயரைக் குறிப்பிடவில்லை. கடந்த இரண்டு ஆண்டுகளில் நாளிதழ் இணைப்புகளிலும் சிற்றிதழ்களிலுமாக அவர் எழுதியவை 43. அவற்றில் கட்டுரைகள் 17, ஆளுமைச் சித்திரங்கள் 9, நூல் மதிப்புரைகள் 17. இவற்றில் ஒன்றுகூட அவரிடம் ஒழுங்காக இல்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனபோது பழைய பேப்பர்காரர் வாசலில் தராசோடு நின்றிருந்தார். சணலால் கட்டிய மூட்டையின் மேல்தாளிலேயே ஐயாவின் கட்டுரை. எடை போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். “எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி, இங்க கிடந்தா ராமபாணப் பூச்சிதான் தின்னும்” என்றார் அந்த வீட்டு அம்மா. அன்று மூன்று மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கத்தரித்து, தேதி எழுதி, பெரிய அளவுப் பதிவேட்டில் ஒட்டுவது சுலபம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நான்கு கட்டுரைகளின் அடியில் ‘தொடர்ச்சி 6-ஆம் பக்கம்’ என்று இருந்தது. அந்த 6-ஆம் பக்கம் மூட்டையில் இல்லை. பத்திரிகை அலுவலகம் ஒன்றுக்கு இரண்டு கடிதம் எழுதியும் பதில் வரவில்லை. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியீடுகளின் பிரதியைப் பெறும் நான்கு நூலகங்களில் சென்னை கன்னிமாராவும் ஒன்று. அதை நம்பி இரண்டு முறை சென்னை போய்வந்தேன். மூன்று கட்டுரைகளுக்குத் தொடர்ச்சி கிடைத்தது. பேருந்துக் கட்டணத்தை வட்டத்தின் கணக்கில் எழுதவில்லை.

ஒரு தனி மனிதரின் எழுத்துக்கு வட்டம் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று செயற்குழுவில் கேட்கப்பட்டது. சுவாமிமலையில் உலோகச் சிலை வார்ப்பதற்கு மெழுகு உரு செய்யும் ஒருவரைப் பற்றி ஐயா எழுதிய சித்திரத்தை, கேட்டவர்கள் ஒருமுறை படிக்க வேண்டும். தென்னங்கீற்றை நறுக்கி மடித்து ஒடியோலையாக்கி உடலின் அளவுகளைக் குறிப்பது, மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுவது, காவிரி வண்டலை மெழுகின் மேல் முதல் பூச்சாகப் பூசுவது என்று அந்த மனிதரின் கைகளை மட்டுமே பின்தொடர்கிறார். கலை அழிகிறது என்ற புலம்பல் ஓரிடத்திலும் இல்லை. இந்த ஒன்பது சித்திரங்களும் சேர்ந்தால் நம் வட்டாரத்தின் கைத்தொழில்களுக்கு ஒரு சாட்சியம் ஆகிவிடும். மதிப்புரைகளிலும் அவர் கதைச்சுருக்கம் சொல்வதில்லை. நூல் எந்த இடத்தில் தளர்கிறது என்று பக்க எண்ணோடு எழுதுவார். நண்பரின் நூல் என்றாலும் அப்படித்தான். பத்திரிகைகள் மதிப்புரைக்கென்று இரண்டு பிரதிகள் வாங்கிக்கொண்டு ‘வரப்பெற்றோம்’ பகுதியில் தலைப்பை மட்டும் போட்டு முடித்துவிடும் காலத்தில் இது பெரிய காரியம்.

இன்னொன்றும் நடந்தது. ஐயாவின் கட்டுரை ஒன்றை ஒரு பதிப்பகம் அவரைக் கேட்காமலே தன் தொகுப்பில் சேர்த்துவிட்டது. பத்திரிகைக்குக் கொடுத்த பிறகு உரிமை ஏது என்பது அவர்கள் வாதம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பணியாளராக இல்லாமல் வெளியிலிருந்து எழுதுபவருக்கே உரிமை. அதை மாற்றிக்கொடுக்க எழுத்துமூலமான ஒப்பந்தம் வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள்தான். எழுதியவர் காலமான பிறகும் 60 ஆண்டுகள் அது குடும்பத்தின் சொத்து. இதை விளக்க வழக்கறிஞர் ஒருவரை அழைத்துப் புரட்டாசியில் கூட்டம் நடத்தினேன். 58 உறுப்பினர்களில் வந்தவர்கள் 9 பேர். எழுதுகிற உறுப்பினர்களே வரவில்லை. காலி நாற்காலிகளுக்கு நடுவே வழக்கறிஞர் ஒன்றரை மணி நேரம் பேசியதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. எழுத்தையே நம்பி வாழ்ந்து 1944-இல் 42 வயதில் மறைந்த கு.ப.ரா.வின் ஊர் இது. பிழைப்புக்காகப் பதிப்பகங்களுக்கு வாழ்க்கை வரலாறுகளை எழுதிக்கொடுத்த எம்.வி. வெங்கட்ராமின் ஊரும் இதுதான். அவர்கள் பெயரைச் சொல்லி மாலை போடும் கூட்டத்துக்கு 40 பேர் வருகிறோம். இன்று எழுதிப் பிழைப்பவரின் உரிமையைப் பேசினால் 9 பேர்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மொத்தத்தில் வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். அந்தப் பற்றாக்குறை கைமாற்றாகச் சமாளிக்கப்பட்டது. ஆண்டுச் சந்தா 300 ரூபாய்தான். 31 பேரிடமிருந்து அது வரவில்லை, சிலரிடமிருந்து மூன்றாவது ஆண்டாக வரவில்லை. 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் கணக்கைத் தாக்கல் செய்யும் வேலையை மட்டும் தவறாமல் செய்துவிட்டோம்.

இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், வழக்கறிஞர் அவர்களுக்கும், தேநீர்ச் செலவை ஏற்ற துணைத்தலைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இந்த 43-இலிருந்து தேர்ந்தெடுத்து ஒரு நூலாக்க எண்ணம். ஐயாவிடம் எழுத்துமூலமான அனுமதி வாங்கிவிட்டேன். தட்டச்சு செய்ய இரண்டு பேர், மெய்ப்புப் பார்க்க ஒருவர் வேண்டும். அச்சுச் செலவை வட்டத்தின் இப்போதைய நிதிநிலை தாங்காது. உடல்நிலை காரணமாக ஐயாவால் அதிகம் வெளியே வர முடிவதில்லை, நூலை அவர் கையில் கொடுக்க வேண்டும் என்பதால் அவசரப்படுகிறேன். செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தாலும் இந்த வேலையை நானே முடித்துத் தருகிறேன். பதிவேடு என் வீட்டுத் திண்ணை அறையில் இருக்கிறது. ஞாயிறுதோறும் காலை 10 முதல் 12 மணி வரை யாரும் வந்து பார்க்கலாம். ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கும்.