பதின்மூன்று நிமிடத்துக்கு ஒரு பாட்டுக்காரர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்து ஒரு வேளைகூடத் தவறாமல் பார்த்துக்கொள். இங்கே எல்லாரும் நலம்.

அமெரிக்கக் கால்பந்து லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் பவுலில், பாதி ஆட்டம் முடிந்ததும் வரும் இடைவேளைப் பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். அமெரிக்காவில் அத்தனை நல்ல குரல்கள் இருக்க, குரலைப் பார்க்காமல் ஆளைப் பிடிக்கிறார்களே என்று உனக்கு ஆதங்கம். குரலையும் பார்க்கிறார்கள்டா. ஆனால் அதற்கு முன்னால் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

அந்த இடைவேளை மொத்தமே அரை மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். மேடையை உள்ளே தள்ளிவந்து பூட்ட ஏழெட்டு நிமிடம், கழற்றி வெளியே கொண்டுபோக ஏறக்குறைய அதே அளவு. மிஞ்சுவது 12, 13 நிமிடம். அதை நீட்டினால் ஆட்டக்காரர்களுக்கு உடம்புச் சூடு ஆறிவிடும். அதனால் ஒரு பெயர் வந்ததும் எழுகிற முதல் கேள்வி, இவருடைய பாட்டுகள் 13 நிமிடத்துக்குள் அடங்குமா என்பதுதான். 2023-ல் பாடகி ரிஹானா 12 பாட்டு பாடினார். சராசரி போட்டால் ஒன்றுக்கு 65 நொடி. பல்லவி எடுத்தவுடன் அரங்கமே கூடப் பாடுகிற மாதிரி பத்துப் பாட்டாவது கையில் இல்லாதவரால் இதைச் செய்ய முடியாது. ஒரே ஒரு பெரிய ஹிட் வைத்திருப்பவர் மூன்றாவது நிமிடத்தில் கூட்டத்தைக் கைவிட்டுவிடுவார். நிதானமாக ஏறி உச்சத்துக்குப் போகிற பாட்டுக்காரர்களுக்கும் அங்கே இடமில்லை. எனக்கு அதில் வருத்தம்தான், ஆனால் அந்த மேடையின் கணக்கு அப்படி.

தொடக்கத்தில் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. 1967-ல் முதல் ஆட்டத்துக்குக் கல்லூரி பேண்டு வாத்தியக் குழுக்கள்தான் வந்தன. மாற்றத்துக்குக் காரணம் 1992. அந்த வருட இடைவேளையில் பனிக்கால நிகழ்ச்சி ஒன்று ஓடிக்கொண்டிருந்தபோது, ஃபாக்ஸ் தொலைக்காட்சி அதே நேரத்தில் தன் நகைச்சுவை நிகழ்ச்சியை நேரலையாக விட்டது. இரண்டு கோடிப் பேருக்கு மேல் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அடுத்த வருடமே மைக்கேல் ஜாக்சனைக் கூப்பிட்டார்கள். மேடையில் தோன்றியதும் அவர் ஒன்றரை நிமிடம் போல அசையாமல் நின்றார். கிடைத்த நேரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை மௌனத்துக்குக் கொடுப்பது யாராலும் ஆகிற காரியமில்லை. ஆளைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்கு இன்றுவரை அதுதான் அளவுகோல்.

இனி சத்தம். நீ மிருதங்கக்காரன், இது உனக்குச் சட்டென்று பிடிபடும். கோல் பகுதிகளையும் சேர்த்து மைதானத்தின் நீளம் சுமார் 110 மீட்டர். ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் ஓடும். அந்தக் கோடியில் இருக்கும் ஸ்பீக்கரின் சத்தம் பாடுகிறவர் காதுக்கு வர மூன்றில் ஒரு நொடி ஆகும். நிமிடத்துக்கு 120 அடி போகும் பாட்டில் ஓர் அடி அரை நொடி. ஆக, அரை அடிக்கு மேல் பின்தங்கிய தாளம் அவர் காதில் விழுகிறது. அதைக் கேட்டுப் பாடினால் இழுத்துக்கொண்டே போய் மேடையில் நடனமாடுபவர்களை விட்டுப் பிரிந்துவிடுவார். காதுக்குள் செருகிய மானிட்டர் என்கிற குட்டி ஸ்பீக்கரை மட்டும் நம்பி, எதிரே இருப்பவர்களின் ஆரவாரத்தைக் காதில் வாங்காமல் பாடிப் பழகியவர் வேண்டும். சின்ன அரங்கில் சபையோடு பேசிப் பேசிப் பாடுகிற நல்ல கலைஞர்கள் திணறுவது இங்கேதான்.

முழுக்க லைவா என்றும் கேட்டிருந்தாய். பெரும்பாலும் இல்லை. 2014-ல் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் என்ற ராக் குழு வாசித்தபோது கிதாரில் வயரே சொருகவில்லை என்று பார்த்தவர்கள் கண்டுபிடித்தார்கள். குரல் மட்டும் லைவ், வாத்தியங்கள் முன்பே பதிவு செய்தவை என்று பேஸ் கிதார் வாசிக்கும் ஃப்ளீயே பிறகு வெளிப்படையாக எழுதினார். ஏழெட்டு நிமிடத்தில் டிரம்ஸுக்கு மைக் வைத்து, ஒவ்வொன்றாகச் சோதித்து, எல்லாம் வேலை செய்யும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதை ஒளிக்காமல் சொன்ன ஃப்ளீ மேல் எனக்கு மரியாதை கூடியது அப்போதுதான்.

மேடை எப்படி அமையும் என்பதைத் தரையும் முடிவு செய்யும். மேடை துண்டு துண்டாகச் சக்கர வண்டிகளில் வரும். தள்ளுவதற்கு நூற்றுக்கணக்கான பேர். இரண்டாம் பாதி ஆட்டம் அதே தரையில்தான், சக்கரத் தடம் ஒன்று ஆழமாகப் பதிந்தாலும் ஆபத்து. 2023-ல் ஆட்டம் நடந்த அரிசோனாவின் கிளென்டேல் மைதானத்தில் இயற்கைப் புல். அதனால் கூரையிலிருந்து மேடைகளைத் தொங்கவிட்டார்கள். ரிஹானா அப்போது கர்ப்பிணி, அந்தரத்தில் நின்று பாடினார்.

பாட்டு வரிகளையும் மேடையில் நடப்பதையும் வக்கீல்களும் பார்ப்பார்கள். 2004-ல் மேடையில் பாடகி ஜேனட் ஜாக்சனின் உடை விலகிய விவகாரத்துக்குப் பிறகு சில வருடங்கள் மூத்த ராக் கலைஞர்களாகவே தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பயத்திலும் ஒரு நன்மை: 2007-ல் மயாமி மழையில் பிரின்ஸ் கிடைத்தார். 2012-ல் மடோனாவோடு வந்த நம் ஈழத் தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. நடுவிரலைக் காட்டியபோது, படத்தை மங்கலாக்க வேண்டிய ஏற்பாடு கணப்பொழுது பிந்திவிட்டது. லீக் அவரிடம் 1.66 கோடி டாலர் வரை கேட்டு, 2014-ல் சமரசம் ஆனது. அந்தத் தொகை அநியாயம் என்பதே என் எண்ணம். 2025-ல் ராப் கலைஞர் கென்ட்ரிக் லாமர் வழக்கில் இருந்த பாட்டைப் பாடியபோது, சிக்கலான ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டார்.

கூப்பிட்டால் எல்லாரும் வந்துவிடுவார்கள் என்றும் நினைக்காதே. பெரிய ஊதியம் கிடையாது, தயாரிப்புச் செலவைத்தான் லீக் ஏற்கும். 2021-ல் தி வீக்எண்ட் என்ற பாடகர் தன் கையிலிருந்து 70 லட்சம் டாலர் போட்டார். இன அநீதியை எதிர்த்து தேசிய கீதத்தின்போது மண்டியிட்ட ஆட்டக்காரர் காலின் கேப்பர்னிக்குக்கு ஆதரவாக ரிஹானா முன்பு ஒரு முறை மறுத்தே விட்டார். 2019-ல் ராப் கலைஞர் ஜே-ஸியின் ரோக் நேஷன் நிறுவனம் லீக்கோடு கைகோத்த பிறகுதான் ராப் கலைஞர்களுக்கு வாசல் அகலத் திறந்தது. அண்மை வருடங்களில் பெயரை செப்டம்பரிலேயே அறிவித்துவிடுகிறார்கள், ஆட்டம் பிப்ரவரியில். மேடை வரைபடத்துக்கும் பாட்டு உரிமைகளுக்கும் ஒத்திகைக்கும் அந்த நாலைந்து மாதம் இழுபறிதான்.

நம் நேரப்படி அந்த இடைவேளை திங்கட்கிழமை காலை ஆறரை மணி வாக்கில் வரும். விளம்பரம் முடிந்து கேமரா மைதானத்துக்குத் திரும்புவதற்குள் மேடை பூட்டியிருக்கும். உன் கைத்தாளத்தில் முதல் பாட்டு எத்தனை ஆவர்த்தனம் ஓடுகிறது என்று எண்ணி எழுது.

அன்புடன்,
உன் நண்பன்