கடைசி பெஞ்சில் எத்தனை லக்ஸ்?

பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

இருபது வருடமாக வயரிங் வேலை பார்க்கிறேன். போன மாதம் என் மகள் படிக்கும் பள்ளியில் ஃபேன் மாட்டப் போயிருந்தேன். சாரல் அடித்ததால் சன்னல்களைச் சாத்தி லைட்டைப் போட்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை நோட்டை மூக்கருகே தூக்கிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள். பையிலிருந்த லக்ஸ் மீட்டரை, அதாவது வெளிச்சம் அளக்கும் கருவியை, அவள் பெஞ்சின்மேல் வைத்தேன். 70 காட்டியது. மனசு கேட்கவில்லை.

"எல்லாம் புது எல்.இ.டி., 20 வாட்ஸ், நாலு போட்டிருக்கோமே" என்றார் ஆசிரியர். நாம் எல்லோரும் அப்படிச் சொல்லித்தான் வாங்குகிறோம். ஆனால் வாட்ஸ் என்பது விளக்கு இழுக்கும் கரண்டின் கணக்கு. விளக்கு தரும் வெளிச்சத்துக்கு அளவு லூமென். பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு சுமார் 700 லூமென் தந்தது. இன்றைய 9 வாட்ஸ் எல்.இ.டி. 900 தருகிறது. அட்டைப்பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும்.

அந்த வெளிச்சம் எவ்வளவு இடத்தில் பரவுகிறது என்பதைச் சொல்வது லக்ஸ். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் விழுந்தால் ஒரு லக்ஸ். ஒரு குடம் தண்ணீரைக் கீரைப்பாத்தியில் ஊற்றினால் மண் ஊறும். வயல் முழுக்கத் தெளித்தால் புழுதிகூட அடங்காது.

அந்த வகுப்பு 20க்கு 20 அடி, அதாவது 37 சதுர மீட்டர். டியூப்புக்கு 2,000 லூமென் என்று வைத்தால் மொத்தம் 8,000. வகுத்தால் 216 வருகிறது. ஆனால் அழுக்கேறிய சுவரும் கூரையும் ஏறக்குறைய பாதியை விழுங்கிவிடும். போதாததற்கு, நாலு டியூப்பும் கரும்பலகைப் பக்கமே இருந்தன. ஐ.எஸ். 3646 என்ற இந்தியத் தரநிலை வகுப்பறைக்குச் சொல்வது 200 முதல் 500 லக்ஸ்.

கொட்டேஷன் வாங்கும்போது லூமெனையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பில்லுக்குக் கையெழுத்துப் போடுமுன், பொழுது சாய்ந்தபின் ஒவ்வொரு பெஞ்சிலும் மீட்டர் வைத்துப் பாருங்கள். பகலில் பார்த்துப் பயனில்லை. வெளியே நேர்வெயிலே 1,00,000 லக்ஸ் வரும், அதில் சன்னல் வழியாகச் சிறிது நுழைந்தாலும் கணக்குக் கெட்டுவிடும். ஃபேன் இறக்கைக்கு மேலே டியூப் மாட்ட விடாதீர்கள், நோட்டின்மேல் நிழல் ஓடிக்கொண்டே இருக்கும்.

அன்றே இரண்டு டியூப்பைக் கழற்றிப் பின்பக்கம் மாட்டிக் கொடுத்தேன். அதே பெஞ்சில் 120 வந்தது. இன்னும் நாலு டியூப்பும் ஒரு வெள்ளையடிப்பும் வேண்டும் என்று அந்தப் பள்ளியின் குழுவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு எலக்ட்ரீஷியன்